ஏபிபி-யின் கடைசி 'பி'க்கு ஒரு அண்ணன் இருந்தார்

மெஷின்ஸ் லேப் ஸ்விட்ச்கியர் பேனல்லயோ, ஆட்டோமேஷன் வீடியோவுல வர்ற ரோபோ கையிலயோ 'ஏபிபி' என்ற மூன்று சிவப்பு எழுத்துகளைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. அசெயா பிரவுன் போவேரி என்பதன் சுருக்கம் அது. அந்தக் கடைசி 'பி' வால்டர் போவேரி. 1891-ல் சுவிட்சர்லாந்தின் பாடன் என்ற ஊரில் சார்லஸ் பிரவுனோடு சேர்ந்து கம்பெனி தொடங்கிய ஜெர்மன்காரர். ட்ரிபிள்-ஈ பசங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது இல்லை. அவருடைய அண்ணன் தியோடர் போவேரியைப் பற்றியது. அண்ணன் எந்த மெஷினும் செய்யவில்லை. குதிரையின் குடலில் வாழும் புழுவின் முட்டையையும், கடல் முள்ளெலியின் முட்டையையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துக்கொண்டே வாழ்நாளைக் கழித்தார். ஆனா இன்னைக்கு உலகத்துல பெரிய பெரிய லேப்கள் டிஎன்ஏ-வை வளைச்சு, கட்டி, இடம் மாத்தி, அந்த செல் என்னவா மாறுதுன்னு பார்க்கிறாங்களே, அந்த வேலையின் வேரைத் தேடிப் போனா இவர்கிட்டதான் போய் நிற்போம்.

பயோடெக் படிக்காதவங்களுக்காக முதல்ல பிரச்சினையைச் சொல்லிடறேன். உங்க மூளைச் செல்லிலும் தோல் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. ஒரு செல்லில் இருப்பதை நீட்டிப் போட்டால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூட இல்லாத நியூக்ளியஸுக்குள் அடங்கியிருக்கிறது. பாக்கெட்ல போட்ட இயர்போன் ஒயர் ரெண்டு நிமிஷத்துல சிக்காயிடும். இந்த 2 மீட்டர் சிக்காமல் இருப்பதோடு, எந்தப் பகுதி எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதை வைத்து எந்த ஜீன் வேலை செய்யும், எது சும்மா இருக்கும் என்பதும் ஓரளவுக்கு மாறுகிறது. ஒரே டிஎன்ஏ-வோடு ஒரு செல் நரம்பாகவும் இன்னொன்று தோலாகவும் மாறுவதில் இந்த 'இடம்' என்ற விஷயத்துக்கும் பங்கு இருக்கு.

டிஎன்ஏ-வின் வடிவம் 1953-ல்தான் தெரிந்தது. போவேரி இறந்தது 1915-ல். கையில் ஒரு மைக்ரோஸ்கோப், கொஞ்சம் சாயம், பென்சில். இதை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் எவ்வளவு தூரம் போனார் என்பதுதான் கதை.

டிபார்ட்மென்ட் மாறிய பையன்

தியோடர் போவேரி 1862 அக்டோபர் 12-ல் பவேரியாவில் பாம்பெர்க் என்ற ஊரில் பிறந்தார். அப்பா டாக்டர். வீட்டில் நான்கு பையன்கள், இவர் இரண்டாவது. 1881-ல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சேரும்போது எடுத்தது வரலாறும் தத்துவமும். கொஞ்ச நாளிலேயே உடற்கூறியலுக்கும் உயிரியலுக்கும் மாறிவிட்டார்.

1885-ல் நரம்பு இழைகளைப் பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. அதே வருஷம் இன்னொன்றும் கிடைத்தது. லாமொன்ட் உதவித்தொகை. முதலில் ஐந்து வருஷம், பிறகு ஏழு வருஷமாக நீட்டிக்கப்பட்டது. யாரும் வந்து எப்போ பேப்பர் போடுவீங்கன்னு கேட்காத ஏழு வருஷம். இளம் வயதில் ஒரு ஆராய்ச்சியாளருக்கு இதைவிடப் பெரிய பரிசு இல்லைன்னு நினைக்கிறேன்.

அந்த நேரத்தை வைத்துக்கொண்டு அவர் தேர்ந்தெடுத்தது அஸ்காரிஸ் என்ற உருளைப்புழு. குதிரையின் குடலில் இருக்கும். ஏன் இது? கோடு எழுதறவங்களுக்கு உடனே புரியும். பெரிய புரோகிராமில் பக் எங்கே என்று தெரியாதபோது, முதலில் மிகச் சின்ன டெஸ்ட் கேஸ் ஒன்றை எடுப்போம். மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள். இந்தப் புழுவின் ஒரு வகையில் 2, இன்னொரு வகையில் 4. அதுவும் நல்லா நீளமா, தெளிவா தெரியும்.

அன்றைக்குப் பெரும்பாலானோரின் எண்ணம் என்னவென்றால், செல் பிரியும்போது மட்டும் குரோமோசோம்கள் தோன்றுகின்றன, பிரிந்து முடிந்ததும் கரைந்து போகின்றன, அடுத்த முறை புதிதாக உருவாகின்றன. கண்ணால் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பிரியாத நேரத்தில் நியூக்ளியஸ் ஏதோ வலை மாதிரி குழம்பிக் கிடக்கும். போவேரி ஒத்துக்கொள்ளவில்லை. நமக்குத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு குரோமோசோமும் தனித்தனியாக உள்ளேதான் இருக்கிறது, மறுபடி வெளியே வருவது அதே குரோமோசோம்தான் என்றார். 1888-ல் செல் பிரிவை வழிநடத்தும் சின்னப் புள்ளி ஒன்றுக்கு 'சென்ட்ரோசோம்' என்று பெயர் வைத்தவரும் இவர்தான். அந்தப் புள்ளியை ஞாபகம் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

இதற்கிடையில், 1887-ல், அந்தப் புழுவில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். கரு வளரும்போது, உடம்பாக மாறப்போகும் செல்களில் குரோமோசோம்கள் துண்டு துண்டாக உடைகின்றன. முனைகள் கழன்று அழிந்துபோகின்றன. அடுத்த தலைமுறைக்கான முட்டையாகவோ விந்தாகவோ மாறப்போகும் ஒரே ஒரு செல் வரிசை மட்டும் முழு குரோமோசோமையும் அப்படியே வைத்துக்கொள்கிறது. அதாவது ஒரு செல்லின் எதிர்காலம் என்ன என்பதை அதன் குரோமோசோமைப் பார்த்தே சொல்லிவிடலாம். செல்லின் விதி மைக்ரோஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரிந்த அபூர்வமான இடம் இது.

ஆனா ஏன்? குரோமோசோம் உடைந்ததால் அது உடல் செல் ஆனதா, உடல் செல் ஆகவேண்டும் என்று வேறு ஏதோ முடிவு செய்ததால் குரோமோசோம் உடைந்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க அவருக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

வூர்ட்ஸ்பர்க், மார்செல்லா

இவ்வளவு வேலைக்கு நடுவில் 1890 வாக்கில் உடலும் மனமும் உடைந்துபோனார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. இந்தத் தளர்ச்சி அவரை முழுசா விட்டுப் போகவே இல்லை. வாழ்நாள் பூராவும் அப்பப்போ திரும்பி வந்தது. இதை ஏன் சொல்றேன்னா, இனிமே வரப்போற பெரிய வேலைகள் எல்லாம் இந்த உடம்போடதான் நடந்தது.

மீண்டு வந்து 1893-ல், முப்பது வயதில், வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர் ஆனார். சாகும்வரை அதே ஊர்தான்.

1896-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சியாளர் அங்கே வந்தார். மார்செல்லா ஓகிரேடி. எம்ஐடியில் உயிரியல் பட்டம் பெற்ற முதல் பெண். வாசர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். பெண்களுக்கு ஜெர்மன் பல்கலைக்கழகக் கதவுகள் சரியாகத் திறக்காத காலம். போவேரியின் லேபில் இடம் கிடைத்தது. அடுத்த வருஷம் இருவருக்கும் கல்யாணம். அதன் பிறகு நடந்த முக்கியமான சோதனைகளில் அவரும் கூட இருந்தார். போவேரியின் வெற்றிக் கதையைச் சொல்லும்போது மார்செல்லாவின் பெயர் பல இடங்களில் விட்டுப்போகிறது. நாம விட வேண்டாம்.

ஒரு முட்டை, இரண்டு விந்தணு

இத்தாலியில் நேப்பிள்ஸ் கடற்கரையில் ஒரு ஆய்வு நிலையம் உண்டு. ஐரோப்பாவின் உயிரியலாளர்கள் கூடும் இடம். 1901-02 குளிர்காலத்தில் போவேரியும் மார்செல்லாவும் அங்கே கடல் முள்ளெலிகளோடு உட்கார்ந்தார்கள். உடம்பு முழுக்க முள்ளோடு பந்து மாதிரி இருக்குமே, அது. முட்டையும் விந்தும் கடல்நீரிலேயே கலப்பதால் சோதனைக்கு ரொம்ப வசதி.

கேள்வி இதுதான். எல்லாக் குரோமோசோமும் ஒரே வேலையைத்தான் செய்கிறதா, இல்லை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலையா? வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தால் இதற்குப் பதில் கிடைக்காது. சிஸ்டத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அவர் கலைத்த விதம் இப்படி. விந்தை அதிகமாகச் சேர்த்தால் சில முட்டைகளுக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்துவிடும். ஒவ்வொரு விந்தணுவும் ஒரு சென்ட்ரோசோமைக் கொண்டுவரும். ஒவ்வொரு சென்ட்ரோசோமும் இரண்டாகும். மொத்தம் நான்கு துருவங்கள். சாதாரணமாக இரண்டாகப் பிரிய வேண்டிய முட்டை இப்போது ஒரேயடியாக நான்காகப் பிரியும்.

அம்மாவிடமிருந்து 18, இரண்டு விந்தணுக்களிலிருந்து 18, 18. ஆக 54 குரோமோசோம்கள். ஒவ்வொன்றும் இரண்டாகி 108. அதை நான்கு செல்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். யாருக்கு எது போகும் என்பதற்கு எந்த ஒழுங்கும் கிடையாது. சீட்டுக் கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரிதான்.

முட்டைகளை மெதுவாகக் குலுக்கினால் சிலவற்றில் ஒரு சென்ட்ரோசோம் பிரியாமல் நின்றுவிடும். அப்போது மூன்று துருவம், மூன்று செல். இந்த இரண்டு வகை முட்டைகளையும் ஒப்பிட்டதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கு.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். நான்கு துருவங்களை ஒரு சதுரத்தின் மூலைகளாக வைத்துக்கொள்ளுங்க. குரோமோசோம்கள் அந்தச் சதுரத்தின் பக்கங்களில் நிற்கும். ஒரு பக்கத்தில் நிற்கும் குரோமோசோம் இரண்டாகி அந்தப் பக்கத்தின் இரண்டு மூலைகளுக்கும் போகும். ஒரு வகைக் குரோமோசோமில் மூன்று பிரதிகள் இருக்கின்றன. மூன்றும் எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றால் மொத்தம் 64 வழிகள். நான்கு மூலைக்கும் குறைந்தது ஒன்றாவது கிடைக்க வேண்டுமானால், எதிரெதிரான இரண்டு பக்கங்களில் பிரதிகள் இருந்தாக வேண்டும். எண்ணிப் பார்த்தால் அப்படி 36 வழிகள்தான். அதாவது 9/16. இது ஒரு வகைக்கு. 18 வகைக்கும் நடக்க வேண்டுமென்றால் 9/16-ஐ 18 தடவை பெருக்கணும். கிட்டத்தட்ட முப்பதாயிரத்தில் ஒன்று.

மூன்று துருவம் என்றால் சதுரத்துக்குப் பதில் முக்கோணம். மொத்தம் 27 வழிகள். மூன்று பிரதியும் ஒரே பக்கத்தில் நின்றால் மட்டும்தான் ஒரு மூலை காலி. அப்படி 3 வழிகள். மீதி 24, அதாவது 8/9. அதை 18 தடவை பெருக்கினால் சுமார் 12 சதவீதம்.

முப்பதாயிரத்தில் ஒன்று எங்கே, எட்டில் ஒன்று எங்கே! ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனி வேலை இருக்குன்னா, நான்காகப் பிரிந்த முட்டைகள் கிட்டத்தட்ட எல்லாமே கெட்டுப்போகணும், மூன்றாகப் பிரிந்ததில் ஒரு சிறு பங்காவது ஒழுங்கா வளரணும். போவேரியும் நிகழ்தகவு போட்டுப் பார்த்தார், முட்டைகளை நூற்றுக்கணக்கில் வளர்த்தும் பார்த்தார். நடந்தது அதேதான்.

அதோடு விடவில்லை. நான்காகப் பிரிந்த செல்களைக் கால்சியம் இல்லாத கடல்நீரில் போட்டுத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தார். சாதாரண முட்டையில் இப்படிப் பிரித்தால் நான்கும் நான்கு குட்டி லார்வாக்களாக வளரும். இவற்றிலோ ஒரே முட்டையின் நான்கு செல்களும் நான்கு விதமாகக் கெட்டன. ஒன்று இந்தக் கட்டத்தில் நின்றது, இன்னொன்று வேறு கட்டத்தில். எண்ணிக்கை பிரச்சினை இல்லை, ஏனென்றால் வெறும் 18 குரோமோசோமோடு வளரும் கருக்களை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். எந்தக் கலவை கிடைத்தது என்பதுதான் பிரச்சினை.

இது 1902. அதே சமயத்தில் அமெரிக்காவில் வெட்டுக்கிளியின் செல்களைப் பார்த்த வால்டர் சட்டன் என்ற மாணவரும் வேறு வழியாக இதே பக்கம் வந்து சேர்ந்தார். பரம்பரைப் பண்புகள் குரோமோசோமில் இருக்கின்றன என்ற சட்டன்-போவேரி கோட்பாடு நம்ம பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் வர்றது. ஒரு வரியில் படிச்சுட்டுத் தாண்டிப் போயிருப்போம்.

புழுவைச் சுழற்றிய கதை

குரோமோசோம்தான் எல்லாம் என்று அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனா அந்தப் பழைய புழுக் கேள்வி பாக்கி இருந்தது. குரோமோசோம் உடைவதை யார் முடிவு செய்கிறார்கள்?

1910-ஐ ஒட்டிய வருஷங்களில் அவரும் அவருடைய மாணவி மேரி ஹோக்கும் புழு முட்டைகளை சென்ட்ரிஃபியூஜில் போட்டுச் சுழற்றினார்கள். சாதாரணமாக முதல் பிரிவில் முட்டையின் மேல்பகுதி ஒரு செல்லுக்கும் கீழ்ப்பகுதி இன்னொரு செல்லுக்கும் போகும். மேல் செல்லில் குரோமோசோம் உடையும், கீழ் செல்லில் முழுசாக இருக்கும். சுழற்றிய சில முட்டைகளில் பிரியும் திசையே திரும்பிவிட்டது. இரண்டு செல்லுக்கும் கீழ்ப்பகுதியில் சம பங்கு கிடைத்தது. விளைவு? இரண்டு செல்லிலும் குரோமோசோம் உடையவில்லை.

அதே குரோமோசோம். மாறியது அது போய் விழுந்த இடம் மட்டும். இரண்டு விந்தணு நுழைந்த புழு முட்டைகளும் இதையே காட்டின. நான்கு செல்களில் எத்தனை செல்லில் குரோமோசோம் முழுசாக இருந்தது என்பது ஒன்று, இரண்டு, மூன்று என்று முட்டைக்கு முட்டை மாறியது. எந்த செல்லுக்குக் கீழ்ப்பகுதி சைட்டோபிளாசம் கிடைத்ததோ அது தப்பித்தது.

இரண்டு சோதனையையும் சேர்த்துப் பாருங்க. கடல் முள்ளெலி, எந்தக் குரோமோசோம் இருக்கிறது என்பதுதான் கருவின் விதி என்கிறது. புழு, குரோமோசோமின் விதியை அது இருக்கும் சுற்றுப்புறம் முடிவு செய்கிறது என்கிறது. இரண்டும் உண்மை. செல்லின் விதி என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் ஓயாமல் நடக்கும் பேச்சுவார்த்தை. நம்ம பாஷையில் சொன்னா ஒரு ஃபீட்பேக் லூப். இதை நூறு வருஷத்துக்கு முன்னாடி சோதனையில் காட்டினார் என்பதுதான் என்னை அசர வைக்குது.

நியூக்ளியஸுக்குள் ஒரு ஊர்

இதற்கு நடுவில், 1909-ல், இன்னொரு கட்டுரை எழுதினார். புழுவின் நியூக்ளியஸில் விரல் மாதிரி சின்னச் சின்ன நீட்சிகள் இருக்கும். குரோமோசோமின் முனைகள் அந்த நீட்சிகளுக்குள் இருக்கும். செல் பிரிந்து, நியூக்ளியஸ் குழம்பி, மறுபடி குரோமோசோம்கள் தோன்றும்போது முனைகள் அதே நீட்சிகளுக்குள் இருந்துதான் வந்தன. ஒரு செல்லிலிருந்து பிறந்த இரண்டு செல்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கண்ணாடியில் பார்த்த மாதிரி அமைப்பு ஒத்துப்போகும்.

கார்ல் ராபல் என்பவர் 1885-லேயே இந்த மாதிரி ஒரு யோசனையைச் சொல்லியிருந்தார். போவேரி அதற்குப் பெயரும் சோதனை ஆதாரமும் கொடுத்தார். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் நியூக்ளியஸுக்குள் தனக்கென்று ஒரு பகுதி, ஒரு பிரதேசம் உண்டு. 'குரோமோசோம் டெரிட்டரி' என்று இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் இருக்கும் சொல் அதுதான். செல் பிரியும்போது இந்த அமைப்பு கலையும், அடுத்த செல்லில் புதிய அமைப்பு உருவாகும், அடுத்த பிரிவு வரைக்கும் அது அப்படியே நிற்கும் என்பது வரை சொன்னார்.

ஊர் எப்படி நம்பியது? பெரிசா நம்பவில்லை. பின்னாளில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்தபோது உள்ளே தனித்தனிப் பகுதிகள் எதுவும் தெரியவில்லை. நியூக்ளியஸ் என்பது ஒரு கிண்ணம் நூடுல்ஸ் என்ற எண்ணமே பல பத்தாண்டுகள் ஓடியது.

கடைசி வருஷங்கள்

1912-13 வாக்கில் பெரிய வாய்ப்பு ஒன்று வந்தது. பெர்லினில் புதிதாகக் கட்டப்போகும் கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவனத்துக்கு இயக்குநர் பதவி. யார் யாரைச் சேர்க்கலாம் என்பது வரை அவர் யோசித்தார். அவருடைய மாணவர் ஹான்ஸ் ஸ்பெமன் அதில் ஒருவர். கருவில் செல்களின் விதியைப் பற்றிய வேலைக்காக 1935-ல் நோபல் வாங்கப்போகிறவர். ஆனா உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1913-ல் போவேரி பதவியை வேண்டாமென்று சொல்லிவிட்டார். அவர் உருவம் கொடுத்த நிறுவனம் வேறொருவர் தலைமையில் நடந்தது.

1914-ல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். புற்றுநோய் பற்றியது. அவர் மருத்துவர் இல்லை, நோயாளிகளைப் பார்த்ததும் இல்லை. ஆனா குரோமோசோம் தப்பாகப் பங்கு போடப்பட்ட செல்களை அவரைவிட அதிகமாக உற்றுப் பார்த்தவர் யாரும் இல்லை. புற்றுக்கட்டி ஒரே ஒரு செல்லிலிருந்து தொடங்குகிறது, அந்த செல்லின் குரோமோசோம் கலவை கெட்டிருக்கிறது, பிரிவதைத் தூண்டும் குரோமோசோம் பகுதிகளும் தடுக்கும் பகுதிகளும் இருக்கலாம் என்று எழுதினார். கிட்டத்தட்ட இன்றைக்கு ஆங்கோஜீன், கட்டி அடக்கும் ஜீன் என்று சொல்கிறோமே, அது. அன்றைய மருத்துவ உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஆனா அவருடைய கடைசி வருஷங்களில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது வேறொன்று. 1889-ல், 27 வயதுக்குள், அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ஒரு சோதனை உண்டு. கடல் முள்ளெலி முட்டையைக் குலுக்கி உடைத்து, நியூக்ளியஸ் இல்லாத துண்டில் வேறு இனத்தின் விந்தணுவை நுழைத்தார். வளர்ந்த லார்வா அப்பா மாதிரியே இருந்தது. ஆக, உருவத்தை முடிவு செய்வது நியூக்ளியஸ்தான் என்று அறிவித்தார். எல்லாரும் மேற்கோள் காட்டிய சோதனை.

பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது. நியூக்ளியஸ் இல்லை என்று நினைத்த துண்டுகளில் அம்மாவின் குரோமோசோம் ஏதாவது ஒளிந்திருந்ததோ? யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பொதுவான முடிவு எப்படியும் மற்ற சோதனைகளால் உறுதியாகிவிட்டது. இருந்தும் மிச்சமிருந்த தெம்பை அந்தப் பழைய சோதனையைத் திரும்பச் செய்வதற்குச் செலவழித்தார். தவறு எங்கெல்லாம் நுழைய முடியும் என்று கண்டுபிடித்து எழுதினார். 1915 அக்டோபர் 15-ல், 53 வயது முடிந்து மூன்றே நாளில், வூர்ட்ஸ்பர்க்கில் இறந்துபோனார். அந்தத் திருத்தக் கட்டுரை 1918-ல்தான் அச்சில் வந்தது. ஒரு விஞ்ஞானியின் கடைசிக் கட்டுரை அவருடைய முதல் புகழைத் திருத்தும் கட்டுரை.

மார்செல்லா பிறகு அமெரிக்கா திரும்பினார். புற்றுநோய் புத்தகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1929-ல் வெளியிட்டார். உலகம் அந்தப் புத்தகத்தைப் படித்தது அவர் தயவால்தான். ஒரு பெண்கள் கல்லூரியில் அறிவியல் துறையைக் கட்டி எழுப்பிவிட்டு 1950-ல் மறைந்தார்.

எழுபது வருஷம் கழித்து

1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் ஜெர்மனியில் தாமஸ், கிறிஸ்டோஃப் கிரெமர் என்ற இரண்டு சகோதரர்கள், ஒருவர் உயிரியல் பக்கம், ஒருவர் இயற்பியல் பக்கம், நியூக்ளியஸில் ஒரே ஒரு புள்ளியைப் புற ஊதா லேசரால் சுட்டார்கள். உள்ளே நூடுல்ஸ் என்றால் பல குரோமோசோம்களில் கொஞ்சம் கொஞ்சம் அடிபட்டிருக்கணும். தனித்தனிப் பிரதேசம் என்றால் ஒரு சில குரோமோசோம்களில் மட்டும் அடி தெரியணும். தெரிந்தது ஒரு சிலவற்றில் மட்டும். பிறகு ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரு நிறம் கொடுக்கும் முறை வந்ததும், சந்தேகமே இல்லாமல் பிரதேசங்கள் கண்ணுக்குத் தெரிந்தன.

2009-ல், போவேரியின் கட்டுரைக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, ஹை-சி என்ற முறை வந்தது. நியூக்ளியஸில் எது எதன் பக்கத்தில் இருக்கிறதோ அதை ஃபார்மால்டிஹைடால் ஒட்டி, வெட்டி, இணைத்து, சீக்வென்ஸ் செய்தால் மொத்த ஜீனோமுக்கும் ஒரு 'யார் யாருக்குப் பக்கத்து வீடு' மேட்ரிக்ஸ் கிடைக்கும். அதிலும் பிரதேசங்கள் பளிச்சென்று தெரிந்தன.

அதற்கப்புறம் போவேரி பாணிக்கே திரும்பினார்கள். கலைத்துப் பார்ப்பது. 2008-ல் சில லேப்கள் ஜீன்களை நியூக்ளியஸின் விளிம்பில் கட்டிப்போட்டன. சில ஜீன்கள் அடங்கின, சில கண்டுக்கவே இல்லை. 2012-ல் அமெரிக்காவில் கெர்ட் புளோபெல் குழு, வளராத சிவப்பணுச் செல்லில் ஹீமோகுளோபின் ஜீனையும், அதைத் தூண்டும் தொலைதூர டிஎன்ஏ பகுதியையும் ஒரு செயற்கைப் புரதத்தால் வலுக்கட்டாயமாகப் பக்கத்தில் கொண்டுவந்தது. வழக்கமாகத் தேவைப்படும் ஒரு முக்கியப் புரதம் இல்லாமலேயே ஜீன் வேலை செய்யத் தொடங்கியது. இரண்டு வருஷம் கழித்து, அதே வித்தையால் பெரியவர்களின் செல்லில் தூங்கிக்கொண்டிருந்த சிசுப் பருவ ஹீமோகுளோபின் ஜீனை எழுப்பினார்கள். அரிவாள் செல் நோய்க்கு இது ஒரு வழியாகுமா என்ற கேள்வி அங்கிருந்து வந்தது. ஜீனின் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இடத்தை மட்டும் மாற்றினார்கள்.

வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் உயிரியல் மையத்துக்கு இன்று போவேரி பெயர்தான். தம்பியின் பெயர் உலகம் முழுக்க மோட்டார்களிலும் ரோபோக்களிலும் இருக்கு. அண்ணனின் பெயர் அந்த அளவுக்கு வெளியே தெரியாது.

நேரம் கிடைச்சா ஒண்ணு பண்ணுங்க. அந்தச் சதுரம், முக்கோணக் கணக்கை பைதான்ல ஒரு இருபது வரி எழுதி ஓட்டிப் பாருங்க. ரேண்டமா மூன்று பிரதிகளைப் பக்கங்களில் போடுங்க, 18 வகைக்கும் செய்யுங்க, எத்தனை முட்டை பிழைக்குதுன்னு எண்ணுங்க. முக்கோணத்துக்கு ஆயிரம் முறை ஓட்டினாலே 12 சதவீதம் வந்துடும். சதுரத்துக்கு லட்சக்கணக்கில் ஓட்டணும். லேப்டாப்புக்கு அது சில நொடி வேலை. போவேரி ஒவ்வொரு முட்டையையும் கையில் எடுத்து, வளர்த்து, கண்ணால் பார்த்து எண்ணினார்.